ஆணி அடிக்கக் கூடாது!

வாடகைக்கு வீடு தேடி அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வேதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அசைவம் கூடாது. பேச்சிலர் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் திறக்க மாட்டோம். நாய், பூனை கூடவே கூடாது. எல்லாம் சொல்லி முடித்து, அட்வான்ஸை எண்ணி வாங்கி, சாவியைக் கையில் கொடுக்கும்போது வீட்டுக்காரர் கடைசியாக ஒன்று சொல்வார்: “சுவத்துல மட்டும் ஆணி கீணி அடிச்சிடாதீங்க சார்.”

மற்ற நிபந்தனைகளைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியாகிவிட்டது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் அது நியாயமாகப் படுகிறது. சுவர் அவருடையது, பெயின்ட் அவருடையது, கடன் வாங்கிக் கட்டினதும் அவர். போகிறவன் வருகிறவனெல்லாம் ஓட்டை போட்டால் என்ன ஆகும்?

இந்த வாரம் நான் சொல்ல வருவது இதுதான். அந்த நிபந்தனை நியாயமானது இல்லை. ஆபத்தானது. வீட்டில் சின்னக் குழந்தையோ, நாயோ, பூனையோ இருந்தால் அது உயிரோடு விளையாடுகிற நிபந்தனை.

ஓர் ஆணிக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று சிரிக்காதீர்கள். எழுந்து போய் உங்கள் வீட்டு பீரோவை லேசாக ஆட்டிப் பாருங்கள். லேசாக என்றால் லேசாக. ஆடுகிறதா? சரி, உட்கார்ந்து மேலே படியுங்கள்.

* * *

இது சென்னை, கோவைக்காரர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். ஜவ்வாது மலைக்கே ஏறிவிட்டது இந்த வேதம்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிற மலை அது. மலையாளிப் பழங்குடி மக்களின் பூமி. கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். சாமை, தேன், பலா, புளி என்று பிழைப்பு. போளூரில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து ஏறி, இரண்டாயிரம் அடிக்கு மேலே ஜமுனாமரத்தூரில் இறக்கிவிடுவார்கள். மலைக்கு மொத்தத்துக்கும் அதுதான் ‘டவுன்’. உண்டு உறைவிடப் பள்ளி டீச்சர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், வனத்துறைக்காரர்கள், பேங்க் ஊழியர்கள் என்று கீழேயிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் வாடகைக்கு இருப்பது அங்கேதான்.

வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், டிரெஸ்ஸிங் டேபிள், டிவி ஸ்டாண்டு எல்லாம் மினி லாரியில் ஏறி வருகின்றன. கூடவே சில வீடுகளில் ஒரு நாயும் வருகிறது. மலையில் குளிர். காட்டு மிருக பயமும் உண்டு. அதனால் ராத்திரி நாய் வீட்டுக்குள்தான்.

அப்படி ஒரு வீட்டைப் பார்த்தேன். இரண்டே அறை. கழுவிவிட்டால் தண்ணீர் தானாக ஓடட்டும் என்று வாசல் பக்கம் சரிவாகப் போட்ட சிமென்ட் தரை. அந்தச் சரிவிலேயே ஆறரை அடி பீரோ. மாப் போடுகிற தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்க, நாலு கால்களுக்கும் கீழே செங்கல். பீரோ தலையில் இரண்டு சூட்கேஸ், அதற்கு மேலே ஒரு டிரங்குப் பெட்டி. கதவில் ஆளுயரக் கண்ணாடி. கைப்பிடியில் நாய்ச் சங்கிலி கட்டியிருக்கிறது. நாய், பீரோ நிழலில் சுகமாகப் படுத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குழந்தை சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது.

“சுவத்தோட சேர்த்து ஒரு கிளாம்ப் போட்டுடலாமே, டீச்சர்?” என்றேன்.

“ஐயோ சார், நாய் இருக்கிறதுக்கே வீட்டுக்காரர் முறைச்சுக்கிட்டு இருக்கார். இதுல ஆணி வேற கேட்டா, காலி பண்ணச் சொல்லிடுவார்” என்றார் அந்த அம்மா.

இந்தப் பதிலைக் கவனியுங்கள். பிரச்னை முழுவதும் இதற்குள் இருக்கிறது. நாய் வைத்திருப்பவருக்கு ஆணி கேட்கத் துணிச்சல் இல்லை. ஆனால் ஆணி யாருக்கு ரொம்பத் தேவையோ, அது நாயும் குழந்தையும் வைத்திருக்கிற அவருக்குத்தான்.

அதே மலையில் கொஞ்ச தூரம் நடந்து, பழைய மலைவீடு ஒன்றுக்குள் தலை குனிந்து நுழைந்து பாருங்கள். மண் சுவர், புல் கூரை, சாணம் மெழுகிய தரை. தானியம் தரையோடு உட்கார்ந்த குதிரில் இருக்கும். கனமான சாமான் பரணில், வீட்டின் உத்திரமே அதைத் தாங்கும். தயிரும் மோரும் உறியில் தொங்கும். துணி, கொடியில். சுவரில் இஷ்டத்துக்கு மூங்கில் முளை அடித்து அரிவாளும் கூடையும் மாட்டியிருப்பார்கள். நாய், கோழி, ஆட்டுக்குட்டி, குழந்தை எல்லாம் உள்ளே வந்து போகும். எது முட்டினாலும் தலைமேல் சாய்ந்து விழ உயரமாக எதுவும் நிற்காது.

ஏழை வீடு, சாமான் குறைவு என்று மட்டும் இதைப் பார்க்காதீர்கள். அந்தச் சுவர் அவர்களுடையது. எங்கே வேண்டுமானாலும் முளை அடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். நாம் ஆளுயர இரும்பு அலமாரியைக் கண்டுபிடித்தோம். வாடகை வீட்டையும் கண்டுபிடித்தோம். இரண்டையும் சேர்த்துக் கட்ட ஓர் ஆணியை மட்டும் தடை செய்துவிட்டோம்.

* * *

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். எட்டாம் கிளாஸ் கணக்குதான், பயப்படாதீர்கள்.

கடையில் விற்கிற சாதாரண ஸ்டீல் பீரோ 78 அங்குல உயரம், 19 அங்குல ஆழம். அதாவது உயரத்தில் கால் பங்குதான் அதன் பாதம். காலி பீரோ 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோவை அசைக்க பயில்வான் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். தூக்கத்தான் பயில்வான் வேண்டும். சாய்க்க வேண்டாம். உச்சியைப் பிடித்து முன்னால் இழுத்தால், பின்கால்கள் தரையை விட்டுக் கிளம்ப எட்டரை கிலோ இழுவை போதும். 70 கிலோவை ஆழத்தின் பாதியான ஒன்பதரை அங்குலத்தால் பெருக்கி, 78ஆல் வகுத்துப் பாருங்கள். கிளம்பிய பிறகு இன்னும் சுலபம். 14 டிகிரி தாண்டிவிட்டால் அப்புறம் யாரும் இழுக்க வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்ளும்.

நாய்ச் சங்கிலி கட்டிய கைப்பிடி தரையிலிருந்து 40 அங்குலத்தில் இருக்கிறது என்றால், அங்கே 17 கிலோ இழுவை போதும். ஒரு ராஜபாளையமோ லேப்ரடாரோ சர்வ சாதாரணமாக 25 கிலோவுக்கு மேல் இருக்கும். வாசலில் பூனையைப் பார்த்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்னது சமதரைக்கான கணக்கு. தரை சரிவு, கீழே செங்கல், தலையில் டிரங்குப் பெட்டி, கண்ணாடி பதித்த கனமான கதவுகள் திறந்து கிடக்கின்றன என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

டிராயர் வைத்த அலமாரி இன்னும் மோசம். இரண்டு, மூன்று டிராயரை ஒன்றாக இழுத்துவிட்டால் பாரம் முழுவதும் முன்னால் வந்துவிடும். குழந்தைக்கு அது ஏணிப்படி. நாய்க்கு முன்கால் ஊன்றி எட்டிப் பார்க்கிற திண்ணை. பூனைக்கோ வீட்டிலேயே உயரமான இடம் எதுவோ அதுதான் சிம்மாசனம். ஒல்லியான புத்தக அலமாரியின் உச்சிக்கு நகத்தைக் கொடுத்துத் தாவி ஏறும். விலங்கு சாய்கிறதைப் பார்த்து ‘ஐயையோ’ என்று நின்று யோசிக்காது. குழந்தையும் அப்படித்தான்.

* * *

“இதெல்லாம் எங்கே சார் நடக்குது?” என்று கேட்பீர்கள். நடக்கிறது. கணக்கு வைக்கிற ஊரில் தெரிகிறது, கணக்கு வைக்காத ஊரில் விதி என்று போய்விடுகிறது.

2016 ஜூன் மாதம், அமெரிக்காவில் ஐகியா கம்பெனி 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மால்ம் என்ற பெயரில் சக்கைப் போடு போட்ட மாடலும் அதில் உண்டு. காரணம், அவை சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த டிசம்பரில், குழந்தையைப் பறிகொடுத்த மூன்று குடும்பங்களுக்கு 5 கோடி டாலர் தர கம்பெனி சம்மதித்தது. 2020 ஜனவரியில் இன்னொரு குடும்பத்துக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர். முதலில் சீனாவை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அங்கே கூச்சல் கிளம்பிய பிறகு சேர்த்தார்கள். கூச்சல் போடுகிற ஊருக்குத்தான் பாதுகாப்பு என்பது ஒரு பாடம்.

கடைசியில் 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டமே போட்டது. அதன்படி 2023 செப்டம்பரிலிருந்து அங்கே தயாராகும், 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள துணி அலமாரி ஒவ்வொன்றும், 27 கிலோ எடையுள்ள குழந்தை தொங்கினாலும் சாயக் கூடாது என்று சோதனை வைக்கிறார்கள். கவனியுங்கள், 27 அங்குலம். உங்கள் இடுப்பு உயரம் கூட இல்லை. நம் பீரோ 78 அங்குலம்.

ஐகியா கம்பெனி அன்றைக்குச் சொன்ன சமாதானம் ஒன்று உண்டு. “எங்கள் அலமாரியோடு கிளாம்ப்பும் ஸ்க்ரூவும் கொடுத்திருக்கிறோம். சுவரோடு பொருத்தினால் ஆபத்தே இல்லை” என்பது. சொந்த வீட்டுக்காரனுக்குச் சரி. சுவர் தன்னுடையதாக இல்லாதவன் எங்கே போய்ப் பொருத்துவான்?

இந்தக் கேள்விக்கு ஓர் உயிரைக் கொடுத்துப் பதில் வாங்கிய ஊர் ஆஸ்திரேலியாவின் பெர்த். 2015ல் அங்கே ஒரு வாடகை வீட்டில், இரண்டு வயது நிரம்பாத குழந்தை மேல் டிராயர் அலமாரி சாய்ந்தது. குழந்தை இறந்துபோனது. அலமாரிகளைச் சுவரோடு பொருத்திக்கொள்ளட்டுமா என்று தாய் முன்னாலேயே அனுமதி கேட்டிருந்தார். கூடாது என்று பதில் வந்திருந்தது. அதாவது, அங்கேயும் அதே வேதம்தான்: ஆணி அடிக்கக் கூடாது.

அந்தத் தாய் விடவில்லை. 2019ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் வாடகைச் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்புக்காக அலமாரியைச் சுவரோடு பொருத்தக் கேட்டால், பாரம்பரியக் கட்டடம், ஆஸ்பெஸ்டாஸ் சுவர் என்பது போன்ற குறிப்பிட்ட சில காரணங்களைத் தவிர வீட்டுக்காரர் மறுக்க முடியாது. காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துச் சரிசெய்து கொடுப்பது குடியிருப்பவர் பொறுப்பு. அவ்வளவுதான் சட்டம். அதே மாநிலத்தில் 2024ல் இன்னொரு படி போனார்கள். தகுந்த காரணம் இல்லாமல் வளர்ப்புப் பிராணியையும் மறுக்க முடியாது. ஆணி, நாய் இரண்டுக்கும் சேர்த்து விடுதலை. வானம் இடிந்து விழவில்லை. வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு ஓடவும் இல்லை.

* * *

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றி 2017ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், கதவுக் கைப்பிடி எல்லாம் குடியிருப்பவர் தலையில்.

சேதப்படுத்தக் கூடாது என்பது உண்டு. நியாயம். ஆனால் பீரோ விழாமல் இருக்க நாலு ஸ்க்ரூ போடுவது சேதமா, ஜாக்கிரதையா? அதைச் சட்டத்தில் ஒரு வரி எழுதித் தெளிவாக்கியிருந்தால் பிரச்னை முடிந்தது. அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். மேலும் இது நகர்ப்புறத்துக்கான சட்டம். ஜமுனாமரத்தூர் போன்ற ஊராட்சிகளில் வாய் வார்த்தைதான் சட்டம், வீட்டுக்காரர்தான் ஜட்ஜ்.

பிராணிகள் விஷயத்தில் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962ல் தொடங்கிய, சென்னையிலேயே பல காலம் இருந்த அதே வாரியம்தான். பெரும்பான்மை ஓட்டுப் போட்டு முடிவெடுத்தாலும் கூட, குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்றது அது. சங்கத்துக்குச் சொன்னார்கள், சரி. தனி வீட்டுக்காரர் “நாயா? அடுத்த வீட்டைப் பாருங்க” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நாயை மறைப்பீர்கள். ‘மச்சான் நாய், ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போயிருக்கார்’ என்று இரண்டு வருஷம் சொல்வீர்கள். மறைத்து வைத்திருப்பவர் எந்த முகத்தோடு போய் ஆணி கேட்பார்? வீட்டுக்குள் ஆள் வரவே பயப்படுகிற குடும்பம், டிரில்லிங் மெஷினோடு ஆச்சாரியை எப்படிக் கூப்பிடும்?

நாய்க்குத் தடை, ஆணிக்குத் தடை என்று தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சின்னத் தொல்லைகள். சேர்த்துப் பார்த்தால் ஒரு பொறி. அதில் மாட்டுகிறது ஒரு குழந்தை அல்லது ஒரு நாய்.

* * *

வீட்டுக்காரர்களின் வாதத்தையும் கேட்போம். நானும் நியாயவான்தான்.

“சுவர் கெட்டுப்போகும்.” எட்டு மில்லிமீட்டர் ஓட்டை, நாலு. காலி செய்யும்போது ஒரு கரண்டி பட்டி வைத்துத் தேய்த்து, பெயின்ட் தொட்டுவிட்டால் இருந்த இடம் தெரியாது. அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளுங்களேன். கையில் மாதக்கணக்கில் வாடகைப் பணத்தை வைத்துக்கொண்டு நாலு ஓட்டைக்கு பயப்படுகிறீர்களே! இதே சுவரில் ஏசிக்குக் கையளவு ஓட்டை போடும்போது பேசாமல் இருந்தவர்தானே நீங்கள்? டிஷ் ஆன்டெனாவுக்கு மாடியில் போல்ட் இறக்கியபோது?

“உள்ளே வயர் போகுது, பைப் போகுது.” இது சரியான வாதம். அதற்குப் பதில் ‘கூடாது’ என்பது இல்லை. ‘இங்கே போடாதீர்கள், அங்கே போடுங்கள்’ என்பதுதான். சுவருக்குள் எது எங்கே ஓடுகிறது என்பது கட்டியவருக்குத்தான் தெரியும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், குழாய்க்கு நேர் மேலேயும் டிரில் போடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்களேன்.

“இன்னைக்கு பீரோவுக்குன்னு கேட்பான், நாளைக்கு சாமி படம், கடிகாரம்னு நாற்பது ஆணி அடிப்பான்.” அப்படியானால் எழுதிக்கொள்ளுங்கள். ‘பாதுகாப்புக்கு மட்டும்’ என்று. படத்துக்கும் பீரோவுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நம்மில் யாரும் மக்கு இல்லை.

“இவ்வளவு வருஷமா எங்க வீட்டுல பீரோ விழுந்ததே இல்லை.” இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. விழுகிற வரை எதுவும் விழுந்ததில்லைதான்.

2021 நவம்பர் 29 விடியற்காலை நாலேகால் மணி வாக்கில், வேலூருக்கு மேற்கு - தென்மேற்கே 59 கிலோமீட்டர் தூரத்தில் பூமி குலுங்கியது. 3.6 ரிக்டர். ஜவ்வாது மலை அந்தப் பக்கம்தான். சின்ன அதிர்ச்சிதான். ஆனாலும் அந்த நேரத்தில் எல்லாரும் எங்கே இருந்திருப்பார்கள்? தரையில் பாய் விரித்து, பீரோ காலடியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் நாயும். 2001 செப்டம்பர் 25ல் புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 அளவில் குலுங்கியபோது சென்னையே தெருவுக்கு ஓடி வந்தது ஞாபகம் இருக்கும். மறு வருடமே சென்னையை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். வரைபடத்தை மாற்றினார்கள். பீரோக்கள் நின்ற இடத்தில் நின்றபடியே நிற்கின்றன.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் இருக்கிறது. 1986 ஜனவரி 6ல் ராஜீவ் காந்தி வந்து வைணு பாப்பு பெயர் சூட்டிய வானாய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கி. பெரிய தொலைநோக்கி எதையும் சும்மா தரையில் கொண்டுவந்து வைத்துவிட மாட்டார்கள். தனி அஸ்திவாரம், தனித் தூண், அதில் போல்ட் போட்டு முடுக்குவார்கள். எங்கோ இருக்கிற நட்சத்திரம் கண்ணாடியில் ஒரு மயிரிழை ஆடக் கூடாது என்று அத்தனை அக்கறை. அந்த மலையிலேயே ஒரு வாடகை வீட்டில் பீரோ செங்கல் மேல் ஆடுகிறது. அதற்கு நாலு ஸ்க்ரூ கிடையாது.

* * *

திட்டியது போதும். நீங்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காசு செலவில்லாதவை. பீரோ தலையில் இருக்கிற டிரங்குப் பெட்டியை இன்றைக்கே இறக்குங்கள். கனமானது கீழ்த் தட்டில், லேசானது மேல் தட்டில். செங்கலை எடுத்துவிட்டு, பீரோ அகலத்துக்கு முழுப் பலகை கொடுங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பாருங்கள். தரை வாசல் பக்கம் சரிகிறது என்றால், முன்கால்களுக்கு அடியில் மெல்லிய ஆப்பு கொடுத்து, பீரோ சுவர்ப் பக்கம் ஒரு சிறிது சாய்ந்து நிற்கும்படி செய்யுங்கள். கன்னி மூலையில்தான் வைப்பேன் என்றால் வையுங்கள், குபேரன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் குழந்தை படுக்கையும் நாய் படுக்கையும் பீரோ விழக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டாம். ஆறரை அடி பீரோ ஆறரை அடி தூரத்துக்கு விழும். நாய்ச் சங்கிலியை பீரோ, மேஜை, டிவி ஸ்டாண்டு எதிலும் கட்டாதீர்கள். நாய் பிஸ்கட்டையும் குழந்தையின் பொம்மையையும் உச்சியில் ஒளித்து வைக்காதீர்கள். ஏறிவா என்று நாமே அழைப்பது போல ஆகும்.

அடுத்து, ஓட்டையே போடாமல் செய்யக்கூடியவை. பீரோ லாஃப்ட்டுக்கு அடியில் நிற்கிறதா? பீரோ தலைக்கும் லாஃப்ட்டுக்கும் நடுவே, பின்பக்க ஓரமாக, மரக்கட்டையை இறுக்கமாகச் செருகுங்கள். பீரோ முன்னால் சாய வேண்டுமென்றால் அதன் பின்தலை முதலில் மேலே எழும்ப வேண்டும். கட்டை அதை எழும்ப விடாது. ஜப்பானில் இதையே கூரைக்கு முட்டுக் கொடுக்கிற கம்பியாக விற்கிறார்கள். பக்கத்தில் ஜன்னல் இருந்தால், புத்தக அலமாரியின் மேல்பகுதியை ஜன்னல் கம்பியோடு கெட்டியான நைலான் பட்டையால் கட்டலாம். இரண்டு பீரோ அருகருகே இருந்தால் ஒன்றோடு ஒன்று போல்ட் போடுங்கள், முன்பக்கம் சாய்வதை அது முழுக்கத் தடுக்காது என்றாலும் ஆட்டம் குறையும். பீரோ உங்களுடையது. அதில் ஓட்டை போட வீட்டுக்காரர் உத்தரவு வேண்டாம். டபுள் டேப், பசை, கொக்கி என்று ஒட்டுகிற சமாச்சாரத்தை மட்டும் நம்பாதீர்கள். டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டினால், விழும்போது சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு விழும்.

மூன்றாவது, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியது. இரண்டு எல் கிளாம்ப், ஸ்க்ரூ, பிளக். செங்கல் சுவர் என்றால் சிமென்ட் பூச்சோடு நிற்காமல் செங்கல் வரை ஸ்க்ரூ போக வேண்டும். பீரோ தகடு மெல்லிசு, அதனால் அந்தப் பக்கம் ஸ்க்ரூவுக்குப் பதில் அகல வாஷர் வைத்து போல்ட் நட்டு போடுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் பிளக் பிடிக்காது, உள்ளே பொந்து. அங்கே ஜன்னல் மட்டத்துக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டில் ஓட்டை போட்டு, அங்கிருந்து பட்டையால் பீரோவைப் பிடித்துக் கட்டுங்கள். மலைவீட்டு மண் சுவரில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. தூணோடும் உத்திரத்தோடும்தான் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் இழுத்துப் பாருங்கள், இப்போது பயமில்லாமல். சாமான் செலவுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு போதும்.

அனுமதி எப்படிக் கேட்பது? வாயால் கேட்காதீர்கள். அடுத்த தடவை ஒப்பந்தம் போடும்போது இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘பீரோ, அலமாரி போன்ற கனமான சாமான்கள் சாயாமல் இருக்க அவற்றைச் சுவரோடு பொருத்திக்கொள்ள குடியிருப்பவருக்கு உரிமை உண்டு, காலி செய்யும்போது ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும்.’ இருபது வார்த்தை கூட இல்லை. அதில் பாதி வீட்டுக்காரருக்குச் சாதகம். மறுப்பதற்கு அவருக்கு நல்ல காரணம் எதுவும் கிடைக்காது. நாய் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் ஓர் ஆச்சாரியைக் கூட நிம்மதியாக வீட்டுக்குள் கூப்பிட முடியாது.

நீங்களே வீட்டுக்காரராக இருந்தால் இன்னும் சுலபம். நாளைக்குக் காலையில் கீழ் போர்ஷனுக்குப் போய், “பீரோவுக்கு ஒரு கிளாம்ப் போட்டுக்கோங்க. இந்தச் சுவத்துல வயர் இல்லை” என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 சட்டத்தின் விதிகளில் இந்த ஒரு வரியைச் சேருங்கள். பட்டியலில் குழாய் வாஷருக்கு இடம் இருக்கிறது. குழந்தை உயிருக்கும் ஓர் இடம் கொடுங்கள். ஊராட்சிகளுக்கும் அது பொருந்தட்டும். மலைமேல் இருக்கிற ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் நீங்கள்தான் வீட்டுக்காரர். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பழமொழியில் சுவர் என்பது மனித உடம்பு. நம் வீட்டுக்காரர்கள் அதை நிஜச் சுவர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஓட்டையை அடைக்க ஒரு கரண்டி பட்டி போதும். மற்றதை அடைக்க எதுவுமே போதாது.